சிவில் பொறியியலில் தொழில்முறை முதுநிலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவில் பொறியியலில் இளநிலைப் பட்டம் முடித்தவர்களும், சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு மீண்டும் படிக்க எண்ணுபவர்களும், தொழில்நடைமுறையை மையமாகக் கொண்ட முதுநிலைப் படிப்பைப் பற்றிப் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. சேர்க்கை விதிகளும் கட்டணமும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாறுபடும் என்பதால் அவற்றுக்குள் போகாமல், படிப்பின் தன்மை, அது கற்றுத்தருவது, யாருக்கு அது பயன்படும் என்பவற்றையே பேசுகிறோம்.

தொழில்முறை முதுநிலைப் படிப்பு, ஆய்வுசார் முதுநிலைப் படிப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஆய்வுசார் படிப்பில் மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு பேராசிரியரின் வழிகாட்டுதலில் அதை ஆழமாக ஆராய்ந்து, ஆய்வேடு ஒன்றை எழுதிச் சமர்ப்பிக்கிறார். தொழில்முறைப் படிப்பில் ஆய்வேடு இருக்கும் இடத்தில் ஒரு பெரிய புராஜெக்ட் இருக்கும்; கூடுதலான பாடங்களும், பெரும்பாலும் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்காலமும் இருக்கும். இவை வெளிப்படையான வேறுபாடுகள். உள்ளார்ந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. ஆய்வாளர் தன் கேள்விக்குத் தேவையான தரவு போதவில்லை என்றால், மேலும் சோதனைகள் செய்து காத்திருக்கலாம். பணியில் இருக்கும் பொறியாளருக்கு அந்த வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. கையில் இருக்கும் அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட தேதிக்குள், ஒதுக்கப்பட்ட பணத்துக்குள் அவர் முடிவெடுத்து, அந்த முடிவின் கீழ்க் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் பொறுப்போடு இடுவதற்கான பயிற்சியைத் தருவதே இப்படிப்பின் வேலை என்பது எங்கள் கருத்து. இதைச் செய்யாத ஒரு படிப்பு, பெயரில் எவ்வளவுதான் ‘தொழில்முறை’ என்று சொல்லிக்கொண்டாலும், கூடுதல் பாடங்களின் தொகுப்பாகவே முடிந்துவிடும்.

பட்டத்தின் பெயரை வைத்து இதை அடையாளம் காண முடியுமா?

உறுதியாக முடியாது. அமெரிக்காவில் ‘மாஸ்டர் ஆஃப் இன்ஜினியரிங்’ என்பது இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு படிக்கும், பெரும்பாலும் ஆய்வேடு இல்லாத தொழில்முறைப் பட்டம். பிரிட்டனில் அதே பெயர், பள்ளிப்படிப்பு முடிந்ததும் நேரடியாகச் சேரும் ஒருங்கிணைந்த பட்டப்படிப்பைக் குறிக்கிறது. ‘மாஸ்டர் ஆஃப் சயின்ஸ்’ என்ற பெயரிலும் முழுக்க முழுக்கப் பாடங்களாலும் புராஜெக்ட்டாலும் ஆன படிப்புகள் உண்டு. ஆகவே பெயரைப் பார்ப்பதைவிட, பாடத்திட்டத்தின் கடைசிப் பருவத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுகள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 30 கிரெடிட் அளவு. ஐரோப்பிய முறையில் முதுநிலைப் பட்டங்கள் பெரும்பாலும் 60 முதல் 120 கிரெடிட் வரை இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு அளவைகள்; ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கிறது. எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட வேண்டாம்.

என்னென்ன பாடங்கள் இருக்கும்?

கட்டமைப்பு வடிவமைப்பு, மண் மற்றும் அடித்தளம், நீர்வளம், போக்குவரத்து, சுற்றுச்சூழல், கட்டுமான மேலாண்மை ஆகியவற்றில் ஒன்றைச் சிறப்புப் பிரிவாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்தப் பிரிவின் மேல்நிலைப் பாடங்கள் ஆய்வுசார் படிப்பிலும் இதேபோலத்தான் இருக்கும். பல இடங்களில் இரு வகை மாணவர்களும் ஒரே வகுப்பில்தான் உட்காருவார்கள்.

வேறுபாடு மற்ற பாடங்களில் தெரியும். ஒப்பந்தம் அவற்றில் முதன்மையானது. இளநிலையில் பலர் ஒப்பந்த ஆவணம் ஒன்றை முழுதாகப் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் தளத்தில் எழும் சச்சரவுகளில் பெரும்பங்கு அந்த ஆவணத்தின் ஏதோ ஒரு பிரிவில் போய்த்தான் நிற்கும். பன்னாட்டுத் திட்டங்களில் பரவலாகப் பயன்படும், ஃபிடிக் எனும் பன்னாட்டு ஆலோசகப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தங்களை எடுத்துக்கொண்டால், சிவப்பு நூல் எனப்படுவது வேலை தருபவரே வடிவமைக்கும் பணிகளுக்கு. மஞ்சள் நூல் ஒப்பந்ததாரர் வடிவமைக்கும் பணிகளுக்கு. வெள்ளி நூல் வடிவமைப்பு முதல் இயக்கி ஒப்படைப்பது வரை எல்லாவற்றையும் ஒப்பந்ததாரரே ஏற்கும் பணிகளுக்கு. தோண்டும்போது யாரும் எதிர்பாராத பாறை வந்துவிட்டால் அந்தச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு, சிவப்பு நூலின்கீழ் ஒரு பதிலும், வெள்ளி நூலின்கீழ் வேறு பதிலும் கிடைக்கும். அடித்தளத்தை வடிவமைக்கத் தெரிந்தும் இது தெரியாத பொறியாளர், மண் ஆய்வுக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதைச் சரியாகப் பரிந்துரைக்க முடியாது.

இதோடு கால அட்டவணை தயாரித்தல், செலவு மதிப்பீடு, இடர் மேலாண்மை, தொழில்நெறி, தொழில்சார் எழுத்து ஆகியவையும் இருக்கும். எழுத்துப் பாடத்தைப் பலர் இலேசாக நினைக்கிறார்கள். ஒரு பொறியாளரின் தீர்ப்பு வெளியே போவது கடிதமாகவும் அறிக்கையாகவும்தான். படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ள இடம் தரும் ஒரு வாக்கியம், தவறான கணக்குக்கு நிகரான சேதத்தை விளைவிக்கும்.

புராஜெக்ட் எப்படி நடக்கும்? கல்லூரியில் செய்த இறுதியாண்டு புராஜெக்ட்டிலிருந்து இது எப்படி வேறுபடும்?

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட குழுவிடம், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அடித்தளம் வடிவமைக்கச் சொல்லி மண் ஆய்வறிக்கை ஒன்று தரப்படுகிறது. மனையில் நான்கு இடங்களில் துளையிட்டு, மண்ணின் உறுதியை அளக்கும் எஸ்.பி.டி. சோதனை செய்திருக்கிறார்கள். 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச்செய்து, மாதிரிக்குழாய் முதல் 150 மில்லிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த 300 மில்லிமீட்டர் இறங்குவதற்கு எத்தனை அடிகள் தேவைப்பட்டன என்று எண்ணுவதே அந்தச் சோதனை. மூன்று துளைகளில் நான்கு மீட்டர் ஆழத்திலேயே அடிகளின் எண்ணிக்கை 30-ஐத் தாண்டிவிடுகிறது; கெட்டியான மணல். நான்காவது துளையில் ஒன்பது மீட்டர் வரை 3, 4 என்றே வந்துகொண்டிருக்கிறது, இளகிய களிமண்.

பாடநூல் கணக்கில் இப்படி வராது. அங்கே மண்ணின் தாங்குதிறன் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். இங்கே குழு முதலில் கேட்க வேண்டியது, அந்த நான்காவது மூலையில் என்ன இருந்தது என்பதுதான். பழைய வாய்க்காலா, தூர்த்த குளமா, அல்லது சோதனையே சரியாகச் செய்யப்படவில்லையா? பழைய நில வரைபடங்களைத் தேட வேண்டும். இன்னும் இரண்டு துளைகள் போட்டுப் பார்க்கலாம்; அதற்குப் பணமும் சில வாரங்களும் வேண்டும். கட்டடத்தையே சில மீட்டர் நகர்த்த முடியுமா என்று கட்டடக் கலைஞரிடம் கேட்கலாம். கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகையாக ராஃப்ட் போடலாம் என்றால், ஒரு மூலை மட்டும் கூடுதலாக அமிழும்போது சுவர்களில் என்ன நேரும் என்று கணக்கிட வேண்டும். ஆழத்து உறுதியான மண் வரை இறங்கும் தூண்களாகப் பைல் போடலாம் என்றால், களிமண் நாளடைவில் அமிழ்ந்து பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும் விசையைக் கணக்கில் சேர்த்தார்களா?

இறுதியில் குழு தரவேண்டியது வடிவமைப்பும் வரைபடமும் மட்டும் அல்ல. கட்டடத்தின் உரிமையாளருக்கு ஒரு பக்கக் கடிதமும் எழுத வேண்டும். பொறியியல் தெரியாத அவருக்குப் புரியும்படி, ஏன் கூடுதல் பணம் கேட்கிறோம், கேட்டது கிடைக்காவிட்டால் எந்த ஆபத்தை அவர் ஏற்றுக்கொள்கிறார் என்று அதில் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் உரிமையாளரின் இடத்தில் உட்கார்ந்து, “நாலில் மூன்று துளை நன்றாகத்தானே இருக்கிறது, பிறகென்ன?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத் தடுமாறாமல், மிரட்டாமல், உண்மையைக் குறைக்காமல் பதில் சொல்லத் தெரிவதற்குத்தான் அந்தப் பருவம் முழுவதும் செலவிடப்படுகிறது.

மதிப்பெண்ணும் இதற்கேற்பவே அமையும். ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறாரா, எடுத்துக்கொண்ட அனுமானங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா, இடையில் முடிவு மாறியிருந்தால் மாறியதன் காரணம் பதிவாகியிருக்கிறதா என்பவையும் பார்க்கப்படும். நல்ல குழுக்களில்கூடச் சரிபார்ப்புக் கையெழுத்து சடங்காகிவிடும் ஆபத்து உண்டு. நல்ல ஆசிரியர்கள் அதைத்தான் முதலில் சோதிப்பார்கள்.

இடிந்து விழுந்த கட்டுமானங்களைப் பற்றி இப்படிப்பில் ஏன் இவ்வளவு படிக்கிறார்கள்?

கோட்பாடு தெரிந்தவர்களின் கைகளிலேயே அவை இடிந்தன என்பதால். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே எழும்பிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலத்தின் நடுக்கண்ணை, அதாவது நடுவில் தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளத்தை, 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டியபோது, அதன் சொந்த எடையை உரிய நேரத்தில் மறுபடி கணக்கிடவில்லை. அழுத்தத்தைத் தாங்கும் கீழ் உறுப்புகள் வளையத் தொடங்கியதைத் தளத்தில் இருந்தவர்கள் அளந்தே கண்டறிந்தார்கள். ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் இருந்ததோ நியூயார்க்கில். மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம் என்று அன்று அவர் அனுப்பிய தந்தி பென்சில்வேனியாவில் இருந்த நிறுவன அலுவலகத்துக்குப் போனது. பாலத்தில் நின்றவர்களை அது எட்டவில்லை. இதில் கணக்குப் பிழை ஒன்றுதான். வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது, தகவல் எந்த வழியாகப் போனது என்பவை மற்ற பிழைகள்; பெரும்பாலான பாடத்திட்டங்கள் இவற்றுக்கு இடம் ஒதுக்குவதில்லை.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டிய நிகழ்வு, அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் 1981 ஜூலை 17 அன்று அறுந்து விழுந்தது. 114 பேர் இறந்தார்கள். நான்காவது தளத்து நடைபாதையும் அதற்கு நேர்கீழே இரண்டாவது தளத்து நடைபாதையும் கூரையிலிருந்து எஃகுத் தண்டுகளில் தொங்கின. முதல் வடிவமைப்பில் ஒவ்வொரு தண்டும் கூரையிலிருந்து மேல் நடைபாதையின் உத்திரத்தைத் துளைத்துக்கொண்டு கீழ் நடைபாதை வரை ஒரே நீளமாக வந்தது. அதைப் பொருத்துவது சிரமம் என்பதால் தண்டு இரண்டாக்கப்பட்டது: ஒன்று கூரையிலிருந்து மேல் உத்திரம் வரை, மற்றொன்று மேல் உத்திரத்திலிருந்து கீழ் உத்திரம் வரை. வரைபடத்தில் மிகச் சிறிய மாற்றம். ஆனால் முன்பு மேல் உத்திரத்துக்கு அடியில் இருந்த நட்டு மேல் நடைபாதையின் பாரத்தை மட்டும் தாங்க வேண்டியிருந்தது. இப்போது கீழ் நடைபாதையும் அதே உத்திரத்தில் தொங்கியதால் அந்த நட்டின் மீது விழும் பாரம் இரட்டிப்பானது. மாற்றம் கொண்ட உற்பத்தி வரைபடங்கள் பொறியாளரின் முத்திரையோடு திரும்பி வந்தன. அந்த இணைப்புக்கான கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. முதல் வடிவமைப்புகூட நகரின் கட்டட விதி கேட்ட வலிமையில் சுமார் 60 சதவீதத்தையே கொண்டிருந்தது என்று பின்னர் நடந்த ஆய்வு கண்டது. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள்.

இரண்டாமாண்டு மாணவருக்கே அந்த இணைப்பின் விசைப்படத்தை வரையத் தெரியும். அப்படியிருக்க அனுபவசாலிகள் பலர் கைமாற்றிய ஒரு வரைபடத்தில் அது ஏன் தப்பியது என்று உட்கார்ந்து ஆராய்வதும், உற்பத்தி வரைபடங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு யாரிடம் தொடங்கி யாரிடம் முடிகிறது என்று தெளிவுபடுத்திக்கொள்வதும் முதுநிலையில் செய்ய வேண்டிய வேலை. 2018 மார்ச் 15 அன்று மியாமியில் கட்டுமானத்தில் இருந்த நடைமேம்பாலம் விழுந்து ஆறு பேர் இறந்தபோதும் நிலைமை ஏறக்குறைய இதுதான். பாலத்தில் விரிசல்கள் தெரிந்திருந்தன. அன்று காலை அவற்றைப் பற்றிக் கூட்டமே நடந்தது. கீழே சாலையில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. சாலையை மூடச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் துணிவு, கணக்குத் திறமை அளவுக்கே பயிற்சி வேண்டுகிற ஒன்று.

மென்பொருள்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடும் காலத்தில் இந்தப் படிப்பு தேவையா?

மென்பொருளை நன்றாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கட்டமைப்புப் பகுப்பாய்வு, பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி, அதை நிர்வகிக்கும் ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை ஆகியவை இல்லாமல் இன்று பெரிய அலுவலகங்களில் வேலை நகராது. ஆனால் 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லெய்ப்னர் ஏ எனும் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் நீரில் இறக்கிச் சோதித்தபோது மூழ்கியதை எல்லா மாணவர்களும் அறிந்திருக்க வேண்டும். கணினிப் பகுப்பாய்வில் முக்கியமான ஓர் இணைப்புப் பகுதியை மிகப் பெரிய கட்டங்களாகப் பிரித்ததால், அங்கே வெட்டு விசை 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டது. அதற்கேற்பச் சுவர் மெலிந்தது, கம்பியும் குறைந்தது. விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த மறுகணக்கு, அந்த வடிவமைப்பு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் அது உடைந்தது சுமார் 65 மீட்டரில். மென்பொருள் பிழை செய்யவில்லை. அதற்குக் கொடுத்த மாதிரியும், வந்த விடையை அப்படியே ஏற்றுக்கொண்டதும்தான் பிழை.

ஆகவே நல்ல படிப்புகளில் கைக்கணக்கை விட்டுவிடுவதில்லை. 6 மீட்டர் நீளமுள்ள, இரு முனைகளிலும் சாதாரணமாகத் தாங்கப்பட்ட பீமின் மீது மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் பாரம் என்றால், நடுவில் வளைவுத் திருப்புத்திறன், அதாவது பீமை வளைக்கும் விளைவின் அளவு, 90 கிலோநியூட்டன் மீட்டர் என்று காகிதத்தின் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் கணினியைத் திறக்க வேண்டும். திரையில் 900 வந்தால் அப்போது சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் வராதவருக்கு எந்த மென்பொருளும் உதவாது.

பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஏதும் கற்பிக்கிறார்களா?

இப்போது பெரும்பாலான இடங்களில் ஆம். சிமென்ட் உற்பத்தியிலிருந்து மட்டும் உலகின் கார்பன் டைஆக்சைடு வெளியீட்டில் சுமார் 7 முதல் 8 சதவீதம் வருகிறது; ஆகவே கலவையில் சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பலையோ இரும்பு உருக்காலைக் கசடையோ சேர்ப்பது, தேவைக்கு மேல் கான்கிரீட் போடாமல் வடிவமைப்பது ஆகியவை பொறியாளரின் அன்றாட முடிவுகளாகிவிட்டன. நீர்வளப் பிரிவில் இது இன்னும் கூர்மையானது. ‘நூறாண்டு வெள்ளம்’ என்பது நூறு ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வருவதன்று. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 30 ஆண்டுக் காலத்தில் ஒருமுறையாவது அது வரும் வாய்ப்பு 26 சதவீதம். இதுவும் மழையின் போக்கு மாறாமல் இருந்தால்தான். பழைய மழைப்பதிவுகளை எதிர்காலத்துக்கு எந்த அளவு நம்பலாம் என்பது தீராத கேள்வி; அதற்கிடையிலும் வடிகாலின் அளவை யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும்.

இளநிலை முடித்ததும் சேரலாமா, வேலை செய்துவிட்டுச் சேர்வது நல்லதா?

இரண்டுக்கும் இடம் உண்டு. எங்களைக் கேட்டால், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வேலை செய்துவிட்டுச் சேர்வதையே பரிந்துரைப்போம். கான்கிரீட் லாரி தாமதமாக வந்து, ஸ்லம்ப் எனும் இளக்கம் குறைந்து, ஆட்கள் தண்ணீர் ஊற்றக் கை ஓங்கும் நேரத்தில் அதைத் தடுத்து நின்றவருக்கு, தரக்கட்டுப்பாட்டு வகுப்பு முற்றிலும் வேறுவிதமாகக் கேட்கும். ஊற்றிய தண்ணீரின் விளைவு 28 நாள் கழித்து, கான்கிரீட்டின் வலிமையை அளக்கும் கியூப் சோதனையில் தெரியும்போது, அந்தத் தூணுக்கு மேலே இன்னும் சில தளங்கள் எழும்பியிருக்கலாம் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிப்பதற்கு எத்தனை நாள் காத்திருப்பது, ஒப்பந்ததாரரின் அவசரத்துக்கு எதுவரை இடம் கொடுப்பது போன்ற கேள்விகளோடு வகுப்புக்குள் வருபவர்கள், தாங்கள் பயனடைவதோடு உடன் படிப்பவர்களுக்கும் பயன்படுகிறார்கள்.

உடனே சேர்பவர்கள் பயிற்சிக்காலம் கட்டாயமாக உள்ள படிப்பாகப் பார்த்துச் சேர வேண்டும். சேர்வதற்கு முன் விடுமுறையிலாவது ஒரு தளத்தில் சில வாரங்கள் நிற்பது நல்லது.

வேலையில் இருந்துகொண்டே படிக்க முடியுமா?

முடியும். பகுதிநேரமாகவும் இணையவழியாகவும் பல இடங்களில் நடத்துகிறார்கள். அப்போது இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்வரை ஆகலாம். புராஜெக்ட் பருவத்தில் மட்டும் வேலையிடத்தில் முன்கூட்டியே பேசி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் குழுவாகச் செய்யும் வேலையை நள்ளிரவுக்குத் தள்ளிப்போட்டால் மற்றவர்களும் பாதிக்கப்படுவார்கள். அலுவலகத்தில் நடக்கும் உண்மையான பணியையே புராஜெக்ட்டாக எடுக்க அனுமதிக்கும் படிப்புகளும் உண்டு. அங்கே நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும்.

வேறு பொறியியல் பிரிவிலிருந்தோ கட்டடக் கலையிலிருந்தோ வரலாமா?

பல இடங்களில் வரலாம். விடுபட்ட அடிப்படைப் பாடங்களை முதலில் முடிக்கச் சொல்வார்கள். இயந்திரப் பொறியியல் படித்தவர்களுக்கு மண்ணியல் புதிதாக இருக்கும். கட்டடக் கலை படித்தவர்களுக்குக் கட்டமைப்புப் பகுப்பாய்வு கடினமாக இருக்கும். உங்கள் நாட்டில் பொறியாளர் உரிமம் பெற இளநிலைப் பட்டமும் சிவில் பொறியியலில்தான் இருக்க வேண்டுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

இந்தப் பட்டம் பெற்றால் பொறியாளர் உரிமம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. பட்டம் தருவது பல்கலைக்கழகம். உரிமம் தருவது அரசோ தொழில் அமைப்போ. அமெரிக்காவில் பொதுவாக முதல்நிலைத் தேர்வு, பிறகு நான்கு ஆண்டு அனுபவம், அதன்பின் தொழில்முறைத் தேர்வு என்ற வரிசை. பல மாநிலங்கள் முதுநிலைப் பட்டத்தை அந்த அனுபவத்தில் ஓராண்டாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பிரிட்டனில் சார்ட்டர்ட் இன்ஜினியர் தகுதிக்கு முதுநிலை அளவிலான கல்வி எதிர்பார்க்கப்படுகிறது. அதன் மேல் பணியனுபவமும், தொழில் அமைப்பின் நேர்முக மதிப்பீடும் உண்டு. 1818-இல் தொடங்கப்பட்ட சிவில் பொறியாளர் கழகம் அத்தகைய அமைப்புகளில் ஒன்று.

பன்னாட்டு அளவில் 1989-இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் 2014-இல் அதில் முழு உறுப்பினராயின. அந்த உடன்படிக்கை முதன்மையாகத் தொழிலில் நுழைவதற்கான அடிப்படைப் பொறியியல் பட்டங்களைப் பற்றியது. உங்கள் முதுநிலைப் பட்டம் வேறொரு நாட்டில் தானாக ஏற்கப்படும் என்று அதை வைத்து முடிவுசெய்துவிடக் கூடாது. உங்கள் இளநிலைப் படிப்பு, நீங்கள் படித்த ஆண்டில், அங்கீகாரம் பெற்றிருந்ததா என்பதும் தனியாகப் பார்க்க வேண்டியது.

பின்னால் முனைவர் பட்டம் படிக்க விரும்பினால்?

வழி அடைபட்டுவிடாது. ஆனால் ஆய்வேடு இல்லாதவர்களைச் சில துறைகள் தயங்கியே எடுக்கும். அந்த எண்ணம் இப்போதே உறுதியாக இருந்தால் ஆய்வுசார் படிப்பில் சேருங்கள். அதுவே உங்களுக்கும் நேர்மையான தேர்வு. எண்ணம் அரைமனதாக இருந்தால், தொழில்முறைப் படிப்பிலேயே ஒரு பருவம் ஒரு பேராசிரியரோடு தனியாய்வு செய்ய இடம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு படிப்பு நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தரவரிசைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆய்வு வெளியீடுகளை வைத்து எழுந்தவை. தொழில்முறைப் படிப்பைத் தேர்ந்தெடுக்க அவை குறைவாகவே உதவும். நேரடியாகக் கேளுங்கள். புராஜெக்ட் வகுப்பை நடத்துபவர் எத்தனை ஆண்டுகள் வடிவமைப்பு அலுவலகத்திலோ தளத்திலோ பணியாற்றியவர்? கடந்த ஆண்டு மாணவர்கள் செய்த புராஜெக்ட் அறிக்கை ஒன்றைக் காட்ட முடியுமா? அது கிடைத்தால், முன்னுரையை விட்டுவிட்டு, அனுமானங்கள் எழுதப்பட்ட பக்கத்தைத் தேடிப் படியுங்கள். அந்தப் பக்கமே இல்லையென்றால், அல்லது எல்லா எண்களும் சந்தேகத்துக்கு இடமின்றித் துல்லியமாக இருந்தால், அங்கே கற்பிக்கப்படுவது வேறு ஏதோ ஒன்று.

வகுப்பில் எத்தனை பேர், ஒரு குழுவின் வரைபடங்களை ஆசிரியர் எத்தனை முறை திருத்தித் தருகிறார் என்பதையும் கேளுங்கள். நூறு பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் திருத்தம் நடக்காது. திருத்தம் இல்லாமல் வடிவமைப்பு யாருக்கும் வராது. படித்து முடித்தவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேச முடிந்தால், இணையத்தில் கிடைப்பதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ளலாம்.

விண்ணப்பத்தோடு தரும் நோக்க உரையில் என்ன எழுதுவது?

சிறுவயது முதல் பாலங்களை வியந்து பார்த்த கதையைத் தவிர்த்துவிடுங்கள். தேர்வாளர்கள் அதை நிறையப் படித்திருப்பார்கள். நீங்கள் பங்கெடுத்த ஒரு பணியில் விடை தெரியாமல் நின்ற இடத்தை எழுதுங்கள். வடிவமைப்பில் எதிர்பார்த்த நிலத்தடி நீர்மட்டத்தைவிடத் தளத்தில் நீர் மேலே இருந்தது, அப்போது யார் என்ன முடிவெடுத்தார்கள், அதில் உங்களுக்குப் புரியாமல் போனது எது, அதைப் புரிந்துகொள்ள எந்தப் பாடம் உதவும் என்று நினைக்கிறீர்கள் என்ற அளவில் இருந்தால் போதும். பணியனுபவம் இல்லாதவர்கள், தங்கள் இளநிலை புராஜெக்ட்டில் எடுத்துக்கொண்ட ஓர் அனுமானம் ஏன் பலவீனமானது என்று எழுதலாம்.

சேர்வதற்கு முன் எதை மீண்டும் படித்துவிட்டு வர வேண்டும்?

நிலையியல், பொருள்களின் வலிமை, மண் இயக்கவியல், நீரியல் ஆகிய நான்கும் கைவசம் இருந்தால் மற்றவற்றை வகுப்பில் பிடித்துக்கொள்ளலாம். வெட்டுவிசைப் படத்தையும் வளைவுத் திருப்புத்திறன் படத்தையும் கணினி இல்லாமல் வரைந்து பழகுங்கள். மண்ணில் மொத்த அழுத்தத்துக்கும், அதில் நீரின் அழுத்தம் போக மண்துகள்கள் தாங்கும் விளைவுறு அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை, நிலத்தடி நீர் ஏறும்போது எது மாறும் எது மாறாது என்று சொல்லிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி 1925-இல் தம் நூலை வெளியிட்ட நாளிலிருந்து அடித்தளப் பொறியியல் முழுவதும் அந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது. உங்கள் நாட்டின் கான்கிரீட் வடிவமைப்பு விதிநூலை எடுத்து, பாடநூலில் மேற்கோள் காட்டப்பட்ட பிரிவுகளை மட்டும் பார்க்காமல், ஓர் அத்தியாயத்தையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். பிறகு கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் நிலையில் உள்ள ஒரு தளத்துக்கு அனுமதி பெற்றுப் போய், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தூணும் பீமும் சேரும் இடத்தில் உள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபாருங்கள். வரைபடத்தில் கோடுகளாக இடம்பிடித்த கம்பிகளுக்கு இடையே ஜல்லி இறங்க வழி இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.